கைக்கோடாலி பலகையில் நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

எறிந்த கோடாலி பலகையில் பட்டுக் கீழே விழுந்தால், எல்லோரும் அடுத்த எறியை இன்னும் பலமாக எறிகிறார்கள். கோடாலி இன்னும் பலமாகத் திரும்பி வருகிறது. எறிதலில் பலத்துக்கு உள்ள பங்கு மிகக் கொஞ்சம். நிற்காத கோடாலி எதனால் நிற்கவில்லை என்பதைப் பலகையில் விழுந்த தழும்பும், பட்டபோது வந்த சத்தமும், விழுந்து கிடக்கும் இடமும் சொல்லிவிடும். கோடாலியை எடுக்கப் போகும்போது முதலில் பலகையைப் பாருங்கள்.

கீழே உள்ளவை சின்னக் கைக்கோடாலிக்கானவை. தலை 600 முதல் 800 கிராம், கணை (மரக் கைப்பிடி) 14 முதல் 16 அங்குலம், வாய் (வெட்டும் விளிம்பு) அகலம் 3 முதல் 4 அங்குலம். 2016-இல் கனடாவில் தொடங்கிய சர்வதேசக் கோடாலி எறிதல் கூட்டமைப்பின் விதியும் ஏறக்குறைய இதே அளவுதான்: தலை ஒன்றேகால் முதல் ஒன்றேமுக்கால் பவுண்டு, வாய் 4 அங்குலத்துக்கு மிகாமல், மரக் கணை. பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 5 அடி. நிற்கும் கோடு பலகையிலிருந்து 12 அடி. தலைக்கு மேலிருந்து நேராக எறியும்போது கோடாலி காற்றில் ஒரே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வாயால் பலகையைத் தொட வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் பத்து எறி எறிந்து பாருங்கள். தூரம், பிடி, பலகை மூன்றையும் ஒரே சாயங்காலத்தில் மாற்றினால் எது சரியானது என்று கடைசிவரை தெரியாது.

முதல் எறிக்கு முன்

எறிபவருக்குப் பின்னால் 15 அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது. பலகையில் மோதித் திரும்பும் கோடாலி எறிந்தவரின் கால்வரை வரும். செருப்பு போதாது, விரலை மூடிய ஷூ வேண்டும். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் எறிந்தால் இரண்டு பேரும் எறிந்து முடித்தபின் சேர்ந்து போய் எடுப்பதுதான் முறை. பலகைக்குப் பின்னால் மணல்மேடு இருக்கட்டும். பழைய இழுவலையை இரட்டையாக மடித்துத் தளர்வாகத் தொங்கவிடலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. இறுக்கிக் கட்டிய வலை கோடாலியைத் திருப்பி அனுப்பும். கடற்கரையில் வலை காய்கிற இடம், படகு ஏற்றுகிற துறை, தீர்த்தமாட வருகிறவர்கள் நடக்கும் தடம் இவை எதற்கும் பக்கத்தில் பலகை நடாதீர்கள். விளிம்பு தெரியாத வெட்டவெளியில் ஆள் எந்தப் பக்கமிருந்து வருவார் என்று கணிக்க முடியாது. சுற்றுச்சுவரோ வேலியோ உள்ள கொல்லைதான் நல்லது.

பலகை வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ இருக்கட்டும். கிழக்கே பார்த்து எறிந்தால் காலையில் கண் கூசும், மேற்கே பார்த்தால் மாலையில் கூசும். இந்த இரண்டு நேரத்தை விட்டால் இராமநாதபுரக் கரை வெயிலில் எறிய நேரமே கிடையாது.

கணையின் அடி முதலில் பலகையில் இடிக்கிறது

சத்தம் "டொக்" என்று மரத்தோடு மரம் மோதினது போல இருக்கும். கோடாலி பலகைக்கு நேர் கீழே விழும். சில சமயம் நின்றுவிடும், ஆனால் வாயின் கீழ்முனை மட்டும் ஏறியிருக்கும், கணை பலகையை ஒட்டிப் படுத்திருக்கும்.

இது சுற்றுக் குறைவு. ஒரு முழுச் சுற்று முடியுமுன் பலகை வந்துவிட்டது. அரை அடி பின்னால் போங்கள். கோடாலி 12 அடியில் ஒரு சுற்று, அதாவது 360 பாகை சுற்றுகிறது என்றால் அடிக்கு 30 பாகை. அரை அடிக்கு 15 பாகை. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் இரண்டு அடி மூன்று அடி என்று தாவ மாட்டீர்கள்.

இரண்டு முறை பின்னால் போயும் கணைதான் இடிக்கிறது என்றால் பிழை தூரத்தில் இல்லை. ஒன்று, கையை முழுதாக நீட்டாமல் கோடாலியைத் தள்ளிவிடுகிறீர்கள். இரண்டு, கணை நீளம். 19, 20 அங்குலக் கணை மெதுவாகச் சுற்றும். அதற்கு 14 அடிக்கு மேலும் தேவைப்படலாம். விறகு வெட்டும் கோடாலியைக் கொண்டுவந்து 12 அடியில் நிற்கவைக்க முயல்கிறவர்களுக்கு வரும் தொல்லை இதுதான்.

தலையின் உச்சி மோதுகிறது

"ணங்" என்ற இரும்புச் சத்தம். பலகையில் வெட்டுக் கோடு இருக்காது, நசுங்கிய பள்ளம் இருக்கும். நின்றாலும் வாயின் மேல்முனை மட்டும் ஏறி, கணை உங்களை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இன்னும் மிஞ்சினால் மேல்நோக்கியே இருக்கும். இது சுற்று மிகுதி. அரை அடி முன்னால் வாருங்கள்.

முன்னால் வந்தும் மாறவில்லை என்றால் மணிக்கட்டைப் பாருங்கள். விடும் நொடியில் மணிக்கட்டைச் சொடுக்குவது பம்பரமும் கவட்டையும் பழகிய கைக்கு இயல்பு. அந்தச் சொடுக்கு கால் சுற்றுவரை கூட்டிவிடும். மணிக்கட்டை விறைப்பாக வைத்து, முழங்கையும் தோளும் மட்டும் அசைய எறியுங்கள். சரிபார்க்க ஒரு வழி: இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலிருந்து எறியுங்கள். இரண்டு கையால் சொடுக்க முடியாது. இரண்டு கையில் சரியாக நின்று ஒரு கையில் சுற்று மிஞ்சினால் மணிக்கட்டுதான் காரணம்.

வேகமாக எறிந்தால் கூடச் சுற்றும் என்று சொல்வார்கள். அப்படி இல்லை. வேகம் கூடும்போது சுற்றும் வேகமும் அதே அளவில் கூடுவதால், 12 அடிக்குள் நடக்கும் சுற்று ஏறத்தாழ அதேதான். அதனால்தான் மெல்ல எறிந்து தூரத்தைக் கண்டுபிடித்தபின் வேகத்தைக் கூட்டினாலும் கோடு மாறுவதில்லை.

நேற்று நின்றது, இன்று நிற்கவில்லை

மண்டபம், பாம்பன், ஏர்வாடி, வாலிநோக்கம் என்று மணல் தரையில் எறிகிற யாருக்கும் வருகிற பிழை இது. மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. இருபது எறி எறிவதற்குள் முன்கால் மணலில் இரண்டு அங்குலம் இறங்குகிறது, குதிகால் பள்ளம் தோண்டுகிறது, கால் வைக்கும் இடம் தன்னால் அரை அடி நகர்கிறது. 15 பாகை போய்விட்டது.

நிற்கும் இடத்தில் இரண்டடி அகலப் பலகையோ ரப்பர் பாயோ புதையுங்கள், மேற்பரப்பு மணலோடு சமமாக இருக்கட்டும். அதன் முன்விளிம்பில் கயிறு ஒன்றை ஆணியடித்து நிறுத்துங்கள். உங்கள் தூரம் 12 அடி 4 அங்குலம் என்று தெரிந்தபின் அந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு. மணலில் குச்சியால் கோடு போட்டால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பத்து நிமிடத்தில் அழித்துவிடும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கச்சான் வீசும் மாதங்களில் "காற்று தள்ளுது" என்று பிழையைக் காற்றின் மேல் போடுவது வழக்கம். ஒரு கிலோ இரும்பும் மரமும் 12 அடி தூரம் போகும் அரை நொடியில் காற்று அதை ஒன்றும் செய்யாது. காற்று ஆட்டுவது பலகையை. மணலில் ஒன்றரை அடி மட்டும் புதைத்த சவுக்குக் கம்பு பாய்மரம் மாதிரி ஆடும். மூன்றடி புதைத்து, அடியில் கல் போட்டு இறுக்கி, பின்னால் சாய்வாக இரண்டு முட்டுக் கொடுங்கள். ஆடும் பலகை மோதும் விசையை வாங்கிக்கொள்வதால் வாய் உள்ளே ஏறாது.

தட்டையாக அடிக்கிறது, அல்லது காற்றில் நெளிந்து போகிறது

பலகையில் விழுந்த தழும்பு நெட்டுக்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் விடும்போது வாய் சாய்ந்திருந்தது என்று பொருள். வலது கைக்காரருக்குப் பெரும்பாலும் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகும்போதே கோடாலி வெளிப்பக்கம் திரும்பிவிடும். சுத்தியல் பிடிப்பது போலப் பிடித்து, கட்டைவிரலைக் கணையைச் சுற்றி மடக்கி, வாய்க்கோடு மூக்குக்கு நேராக இருக்கிறதா என்று எறியுமுன் ஒரு முறை பாருங்கள். கணை உருண்டையாக இருந்தால் கைக்குள் திரும்பும். முட்டை வடிவமாக இருந்தால் திரும்பாது, கைக்கே திசை தெரியும். உருண்டைக் கணையைத் தூக்கி எறிய வேண்டாம். அரத்தால் இரண்டு பக்கமும் தேய்த்துத் தட்டையாக்கினால் போதும்.

கை வியர்வையும் இங்கே பெரிய காரணம். வழுக்கும் கணையை இறுக்கிப் பிடிப்பீர்கள், இறுக்கிப் பிடித்ததை நேரத்துக்கு விட முடியாது. துண்டால் துடைத்து, உலர்ந்த அடுப்புச் சாம்பலைக் கொஞ்சம் உள்ளங்கையில் தேய்த்துக்கொள்ளலாம். மணலைத் தேய்க்கக் கூடாது. அது சில எறிக்குப் பிடிமானம் தரும், பிறகு தோலைக் கிழிக்கும்.

உயரே போகிறது, தாழ்ந்து விழுகிறது

உயரே போனால் சீக்கிரம் விட்டீர்கள், தாழ்ந்தால் தாமதம். கண் உயரத்துக்குக் கை வந்து, இலக்கை நோக்கி நீளும்போது விரல்கள் திறக்க வேண்டும். கை அதோடு நிற்காமல் இடுப்புப் பக்கம் இறங்கி முடியட்டும். கணையின் அடியில் பெரிய குமிழ் இருந்தால் அது சுண்டுவிரலில் மாட்டித் தாமதப்படுத்தும். தொடர்ந்து தாழ்ந்தே விழுந்தால் குமிழைத் தேய்த்துக் குறையுங்கள். இடமும் வலமும் விலகுவது பெரும்பாலும் கால் நிலைதான்: இரண்டு பாதமும் பலகையை நேராகப் பார்க்கட்டும், கை காதை உரசிப் போகட்டும்.

வாய் சரியாகத்தான் படுகிறது, ஆனாலும் திரும்பி வருகிறது

தழும்பு நேராக, ஆனால் கால் அங்குல ஆழம்கூட இல்லை. தூரத்தையும் கையையும் விட்டுவிடுங்கள், பிழை பலகையிலோ வாயிலோ இருக்கிறது.

முதலில் பலகை. இந்தக் கரையில் கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் மரங்களில் பாதி எறிதலுக்கு ஆகாதவை. பனை வெளிவைரம் இரும்பு மாதிரி, கறுப்பு நார் கோடாலியைத் துள்ளவைக்கும். உள்சோறோ ஒரே வாரத்தில் பொடிந்துபோகும். தென்னையும் அப்படித்தான். சவுக்கு, சீமைக் கருவேலம் இரண்டும் கடினம், கம்புக்கும் முட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். பூவரசு பச்சையாக இருந்தால் ஒப்பேறும், காய்ந்தால் வாயைத் தின்னும். நல்லது இலவம், பெருமரம், மா, தூங்குமூஞ்சி. இலவம் மிக மென்மை, கற்றுக்கொள்கிறவருக்கு எளிதில் நிற்கும், சீக்கிரம் சிதையும். மாம்பலகை கொஞ்சம் கடினம், நாள் வரும். பார்சல் பெட்டியில் வரும் பைன் பலகையும் நன்றாக நிற்கும். அதில் சூட்டு முத்திரை பார்த்து வாங்குங்கள். "எச்.டி." (HT) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, "எம்.பி." (MB) என்றால் மீத்தைல் புரோமைடு புகையூட்டியது, அதை வாங்க வேண்டாம்.

பலகை 2 அங்குலத் தடிப்பு, 8 முதல் 10 அங்குல அகலம், 4 அடி நீளம், ஐந்து பலகை. நார் நெட்டுக்குத்தாக ஓட வேண்டும், ஏனென்றால் வாய் நாரோடு சேர்ந்து இறங்கினால்தான் பிளந்து பிடிக்கும். பலகையைக் குறுக்கே அடித்தால் வாய் நாரை வெட்ட வேண்டியிருக்கும், அதற்கு எறியின் வேகம் போதாது. ஒவ்வொரு பலகையையும் மேலும் கீழும் இரண்டு இரண்டு திருகாணியால் தனித்தனியாகப் பின்சட்டத்தில் முடுக்குங்கள். நடுவில் ஒரு ஆணியும் கூடாது. நடுப்பலகைதான் முதலில் சிதையும், அதை மட்டும் கழற்றி மாற்றலாம். பலகைக்கும் பின்சட்டத்துக்கும் இடைவெளி இருந்தால் பலகை வில்லாக வளைந்து கோடாலியைத் திருப்பி எறியும். விரலால் தட்டினால் பறைச் சத்தம் கேட்டால் இடைவெளி உண்டு.

மரத்துண்டாகவும் வைக்கலாம்: இரண்டடி விட்டம், 8 அங்குலக் கனம், வெட்டுமுகம் எறிபவரைப் பார்த்து. இது பலகையைவிடப் பல மடங்கு நாள் வரும், வாய் பட்ட இடம் தானே மூடிக்கொள்ளும். எடையைத் தாங்கும் முக்காலி வேண்டும், தூக்க இரண்டு ஆள் வேண்டும். அவ்வளவுதான் குறை.

காய்ந்த மரம் எதுவானாலும் திருப்பி அனுப்பும். எறிவதற்கு முந்தின இரவு ஒரு குடம் தண்ணீர் ஊற்றி ஈரச்சாக்கால் மூடிவையுங்கள். நல்ல தண்ணீர் தட்டுப்பாடான ஊரில் கடல்தண்ணீரை ஊற்றத் தோன்றும். ஊற்றினால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் உப்பு ஊறிய மரத்தில் ஒவ்வொரு முறையும் வாய் புதைகிறது. ஒரே வாரத்தில் வாய் ஓரம் முழுக்கத் துருப்புள்ளி.

நின்றிருக்கும் பனையிலோ தென்னையிலோ எறிந்து பழகாதீர்கள். தண்டில் பட்ட காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும், மரம் உள்ளிருந்தே சாகும். பனை மாநில மரம் வேறு.

அடுத்தது வாய். கடையில் புதிதாக வாங்கியது கூர் இல்லாமல்தான் வரும். இரண்டு பக்கமும் சேர்ந்து 25 முதல் 30 பாகை இருக்குமாறு அரம் போடுங்கள். அரத்தை வாயிலிருந்து உள்நோக்கி ஒரே திசையில் தள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் பிசிறு விரலில் தட்டுப்பட்டதும் அந்தப் பக்கம் திருப்பி அதே எண்ணிக்கை. பிறகு சாணைக்கல்லில் பிசிறை எடுங்கள். முகம் மழிக்கும் கூர் தேவையில்லை, தேங்காய் மட்டையைச் சீவுகிற கூர் போதும். அதற்கு மேல் கூர் வைத்தால் பத்து எறியில் மடங்கிவிடும். தச்சர்கள் வைத்திருக்கும் ஒருபக்கச் சாய்வுக் கைக்கோடாலி எவ்வளவு கூராக இருந்தாலும் நிற்கத் தயங்கும். மரத்துக்குள் ஏறும்போதே ஒரு பக்கமாகத் திருகும்.

வாய் மடங்குகிறது, வாய் உடைகிறது

இரண்டும் ஒன்றல்ல. விளிம்பு ஒரு பக்கம் சுருண்டு ஒளியில் வெள்ளிக்கோடாகத் தெரிந்தால் இரும்பு மென்மை. பிறை வடிவில் சில்லுப் போனால் இரும்பு கடினம், தோய்ச்சல் (சூடேற்றித் தோய்த்துக் கடினமாக்குவது) மிஞ்சிவிட்டது. புது அரத்தை வாயில் மெல்ல ஓட்டிப் பாருங்கள். வெல்லத்தைச் சுரண்டுவது போலப் போனால் மென்மை. கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கினால் கடினம். கொஞ்சம் பிடித்துப் பிடித்துப் போனால் பதம் சரி.

மென்மையான தலையைக் கொல்லர் பட்டறையில் கொடுத்து மறுபடி தோய்த்து வாங்கலாம். லாரிப் பட்டையில் (லாரியின் வில்பட்டையில்) அடித்த தலை என்றால் தோய்ச்சல் பிடிக்கும். சாதாரணக் கம்பி இரும்பில் அடித்தது என்றால் எத்தனை முறை தோய்த்தாலும் ஏறாது, காசு வீண். சில்லுப் போகிற தலைக்குப் பதம் இறக்க வேண்டும்: வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்மண்டைப் பக்கமிருந்து (வாய்க்கு எதிர்ப்புறமிருந்து) சூடேற்றி, வைக்கோல் மஞ்சள் நிறம் வாய்க்கு வரும்போது நிறுத்தச் சொல்லுங்கள். அது சுமார் 230 பாகை செல்சியஸ். நீலம் வந்தால் 300-ஐத் தொட்டுவிட்டது, வாய் மென்மையாகிவிடும். மின்சாணையில் அழுத்திப் பிடித்து நீலம் ஏற்றிக் கெடுத்த கோடாலிகள்தான் ஊரில் அதிகம். தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து, கை தாங்கும் சூட்டுக்குள் சாணை பிடிக்கச் சொல்ல வேண்டும்.

தலை ஆடுகிறது

இதைக் கண்டால் எறிவதை அங்கேயே நிறுத்துங்கள். பறக்கும்போது கழன்ற தலை எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் கரையில் தலை ஆடுவதற்குப் பருவம் உண்டு. வாடை மாதங்களில், ஐப்பசி கார்த்திகையில், கணை ஈரம் குடித்துப் பருத்திருக்கும். அப்போது வாங்கிப் போட்ட கணை சித்திரையிலும் கச்சான் காலத்திலும் காய்ந்து சுருங்கும். எனவே கணை போடுவதைக் கோடையில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

தலையோடு வாளித் தண்ணீரில் ஊறப்போடுவது பழைய கைமருத்துவம். அன்றைக்கு இறுகும். ஆனால் துளைக்குள் பருக்க இடமில்லாத நார் நசுங்கிப்போகும்; காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். செய்ய வேண்டியது வேறு. பழைய ஆப்பை எடுத்துவிட்டு, கணையின் உச்சியில் வெட்டிய பிளவை, துளையின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு வருமாறு சுத்தம் செய்யுங்கள். தலையைக் கணையில் செருகி, கோடாலியைத் தலை கீழாகத் தொங்கப் பிடித்து, கணையின் அடியை மரச்சுத்தியலால் தட்டுங்கள். அடிக்க அடிக்கத் தலை தன் எடையாலேயே கணையில் மேலேறி இறுகும். தலையை அடித்து இறக்குவதைவிட இது உறுதி. கணை தலைக்கு மேல் மூன்று நான்கு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கட்டும். கருவேல ஆப்பை அடித்து இறக்கி, அதற்குக் குறுக்கே ஒரு சின்ன இரும்பு ஆப்பு. கடைசியில் உச்சியில் ஆளிவிதை எண்ணெயை ஊறும்வரை தடவுங்கள்.

துளை வட்டமாக இருக்கும் தலையில் இதெல்லாம் செய்தாலும் தலை கணையைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். அதை எறிவதற்கு வைத்துக்கொள்ளாமல் விறகுக்கு விட்டுவிடலாம்.

கணை முறிகிறது

தலைக்குக் கீழே இரண்டு அங்குலத்துக்குள் முறிந்தால், பெரும்பாலும் நார் ஓட்டம் தவறு. கணையின் அடிமுனையில் வளையக்கோடுகளைப் பாருங்கள்: அவை வாய்க்கோட்டின் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் சுற்று மிகுதியிலேயே முறியும். நாட்டுக் கருவேலம் கணைக்கு நல்லது. மம்பட்டிக் கணைக்கு வைத்திருக்கும் கட்டையில் நேராக உள்ளதாகப் பொறுக்கி, 16 அங்குலமாக அறுத்துச் செதுக்கலாம். வள்ளம் கட்டும் இடங்களில் மிஞ்சும் வைரத்துண்டுகளும் ஆகும். சீமைக் கருவேலத்தில் உறுதி உண்டு, நேரான ஒன்றரை அடித் துண்டு கிடைப்பதுதான் அரிது.

நடுவில் முறிந்தால் காரணம் நீங்களே: பலகையில் ஏற்கெனவே நிற்கும் கோடாலியின் மேல் இரண்டாவதை எறிந்திருப்பீர்கள். ஒன்று நிற்கும்போது இன்னொன்றை அதே பலகையில் எறியாதீர்கள்.

கோடாலியைப் பலகையிலிருந்து எடுக்கும் விதமும் கணையை உடைக்கும். பக்கவாட்டில் ஆட்டிப் பிடுங்காதீர்கள். கணையை மேலே தூக்கி, கீழே அழுத்தி, நேராக இழுங்கள்.

துரு

எறிந்து முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் ஒரு பூச்சு. அது கெட்டி, நழுவி ஓடாமல் ஒட்டி நிற்கும். தேங்காயெண்ணெய் இரண்டு நாள்கூடத் தாங்காது. ஏறிவிட்ட துருவுக்குப் புளியைக் கரைத்த தண்ணீரில் தலையை மட்டும் ஓர் இரவு ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் போகும். கழுவி உடனே உலர்த்தி எண்ணெய் போட வேண்டும். தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய ஹோஸ் பைப்பை நான்கங்குலம் வெட்டி நீளவாக்கில் பிளந்து வாயில் மாட்டினால் போதும்.

வாங்கியதே பிழையோ என்று சந்தேகம்

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தும் பத்தில் மூன்று கூட நிற்கவில்லை என்றால் கோடாலியையே சந்தேகப்படலாம். கணையின் அடியிலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். வாய்க்கோடும் கணையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். வாய் ஒரு பக்கம் விலகினால் எந்தத் தூரத்திலும் நிற்காது. தலை ஆப்பு போலத் தடித்திருந்தால் அது விறகு பிளக்கச் செய்தது. எறிய மெல்லிய கன்னம் (தலையின் பக்கவாட்டு) வேண்டும். பின்மண்டை சுத்தியலாக இருப்பது தவறில்லை, ஆனால் பாரம் பின்னுக்குப் போகும்.

இரும்புக்கடையில் தலை தனியாக எடைபோட்டு வாங்கி, கணை தனியாகப் போட்டுக்கொள்வது ஆயத்தக் கோடாலியைவிட மேல். முக்கால் கிலோத் தலை கேளுங்கள். கேட்டால் ஒன்றரைக் கிலோவைக் காட்டி "இதுதான் ஓடுது" என்பார்கள், எடுக்காதீர்கள். பட்டறையில் அடிக்கச் சொன்னால் 4 அங்குல வாய், முட்டைத் துளை, இருபக்கச் சாய்வு, லாரிப் பட்டை என்று நான்கையும் சொல்லிவிடுங்கள். தென்மாவட்டப் பட்டறைகளில் வாங்குபவர் பெயரும் முகவரியும் எழுதி வைக்கச் சொல்லிக் காவல்துறை 2021-இல் அறிவுறுத்தியது. கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். இணையத்தில் விற்கும் இரட்டை வாய், கூர்முனை வைத்த போர்க்கோடாலிகள் வேண்டாம். வீட்டு, விவசாய உபயோகத்துக்கென்றே செய்த கருவியை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதமாகக் கணக்கிடுவதில்லை. போர்க்கோடாலிக்கு அந்த விலக்கு பொருந்தாது. எறிவதற்கும் அவை உதவாது, பாரம் கோணலாக இருக்கும்.

வாங்கியதை எடுத்துவரும்போது வாயை மூடி, பைக்குள் வையுங்கள். செப்டம்பர் 11-இல் பரமக்குடியிலும் அக்டோபர் 30-இல் பசும்பொன்னிலும் நடக்கும் நிகழ்வுகளையொட்டி இராமநாதபுரம் மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது வழக்கம். அந்த இரண்டு மாதமும் கோடாலி வீட்டைவிட்டு வெளியே போக வேண்டாம். கணை மாற்ற, சாணை பிடிக்கப் பட்டறைக்கு எடுத்துப்போவதை ஆகஸ்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.